தாளில் ஒன்று, திரையில் ஒன்று

ஹல்,
மார்ச் 12, 2023

அன்புள்ள நெவிலுக்கு,

அக்கா லோர்னா எழுதுவது. இங்கே நானும் டெரிக்கும் சுகம். அவருக்கு முதுகுவலி வழக்கம்போல இருக்கிறது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய முதுகு, அது வேறெப்படி இருக்கும்? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறி இறங்கும்போது வலிக்கிறதா? மறைக்காமல் எழுது.

போன வாரம் உன் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கே வந்து என்ன பயன்? உன்னைப் பார்த்தது மொத்தம் இருபது நிமிடம். அதிலும் பாதி நேரம் நீ கிரேன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். போனில் பேசினால் மூன்று வார்த்தைக்கு மேல் உனக்கு வராது. கப்பலுக்கு மின்னஞ்சல் போட்டால் உன் கம்பெனி ஆபீஸில் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள். அதனால் பழையபடி தாளும் பேனாவும்தான்.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். நீ வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில் ஏற்றி வந்த பைன் மரத்துக்கு இந்தத் தடவை காகிதமே வரவில்லை. இருபத்தாறு வருடமாக இந்தக் கப்பல் முகவர் ஆபீஸில் என் வேலை என்ன? சரக்குப் பத்திரத்தின் அசல் என் மேஜைக்கு வரும். கேப்டனின் கையெழுத்தைப் பார்ப்பேன். பின்பக்கம் யார் யாருக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அசலை வாங்கிப் பூட்டி வைத்த பிறகுதான் சரக்கை விடச் சொல்லிச் சீட்டு எழுதுவேன். பத்திரம் யார் கையிலோ, சரக்கு அவருக்கு. இந்தத் தடவை உன் கம்பெனி பத்திரத்தைக் கணினியிலேயே போட்டது. பாங்க் அதைக் கணினியிலேயே திருமதி பிக்கர்ஸ்கில்லுக்கு மாற்றியது. அவர் அதை எனக்குத் திரையிலேயே நீட்டினார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், நாற்பது லாரி மரம் வெளியே போய்விட்டது.

பிக்கர்ஸ்கில் அம்மாளை உனக்குத் தெரியும். வீட்டுக் கூரைகளுக்கு மரச்சட்டம் செய்யும் பட்டறைக்காரர். நம்பவே முடியவில்லை அவருக்கு. "லோர்னா கண்ணு, நெசமாவே முடிஞ்சிடுச்சா? நான் எதுலயும் கையெழுத்தே போடலையே! அப்புறம் வந்து புடுங்கிக்க மாட்டீங்களே?" என்று நாலு தடவை கேட்டார்.

நீயும்தான் கப்பல் படியில் நின்றுகொண்டு, "தாள் எதுவும் வரலையாக்கா?" என்று கேட்டாய். "எந்தக் காலத்துலடா இருக்க?" என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். கோபித்துக்கொண்டாயோ?

அடுத்த முறை ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடுவதுபோல வா.

உன் அக்கா,
லோர்னா


ரவுமா, பின்லாந்து
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நெவில் எழுதுவது. நீயும் மாமாவும் நலமென்று அறிந்து சந்தோஷம். என் முழங்கால் பரவாயில்லை. ஏணியில் வலிக்கிறது, தட்டையான தரையில் வலிக்கவில்லை. கப்பலில் தட்டையான தரை எங்கே இருக்கிறது என்று கேட்காதே.

இங்கே துறைமுக வாயிலில் இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. உடைக்கும் படகு முன்னால் போக, நாங்கள் வாத்துக்குஞ்சுபோலப் பின்னால் போகிறோம். புதுச் சமையல்காரன் எல்லாவற்றிலும் வெந்தயக்கீரை மாதிரி ஒன்றைப் போட்டுவிடுகிறான். "என்னய்யா இது?" என்றால், "உடம்புக்கு நல்லது கேப்டன்" என்கிறான். முட்டைப் பொரியலில்கூட.

நீ கோபித்துக்கொண்டாயா என்று கேட்டிருந்தாய். கோபமில்லை. ஆனால் அந்தத் திரைப் பத்திரத்தை என்னால் ஒரு பொருளாகவே நினைக்க முடியவில்லை, அக்கா. முப்பது வருடமாக ஒவ்வொரு சரக்குக்கும் தாளில் மூன்று அசல், மூன்று கையெழுத்து. என் கப்பலில் என் கண்ணெதிரே ஏறிய சரக்கு. இப்போது ஆபீஸிலிருந்து ஒரு செய்தி வருகிறது: "உங்கள் சார்பில் பத்திரம் வெளியிடப்பட்டது." எங்கே வெளியிட்டார்கள்? எதில்? காட்டு என்றால் எதைக் காட்டுவார்கள்? வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனால் எந்தத் தாளிலும் இல்லை என்று ஒருவன் சொன்னால் நீ நம்புவாயா?

சரி, மரம் போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா, அதுவே போதும். யாரும் ஒன்றும் கேட்கவில்லையே?

மாமாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
நெவில்


ஹல்,
ஏப்ரல் 21

அன்புள்ள நெவில்,

நீ சுகமாக இருக்கவேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் சரியில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜெர்மன்காரர் ஆபீஸுக்கு வந்தார். ப்ரெமனில் மர வியாபாரம். பெயர் டெட்லெஃப் கிராமர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கழுத்துப்பட்டை கட்டி, குடையை மடித்து ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, மேஜைமேல் ஒரு கவரைப் பிரித்தார்.

"மரம் எங்க இருக்கு?" என்றார்.

"எந்த மரம், சார்?"

"என் மரம்."

உள்ளே சரக்குப் பத்திரம் இருந்தது, நெவில். தாளில். உன் கப்பல், அதே வென்ட்ஸ்பில்ஸ், அதே தேதி, அதே பைன் கட்டுகள், ஒரு எண்கூடப் பிசகவில்லை. மூன்று அசலும் அவர் கையில்.

"நாங்க போன மாசமே கொடுத்துட்டமே, சார்," என்றேன்.

"யாருக்கு? பத்திரம் எங்கிட்ட இருக்கு. பத்திரம் இல்லாதவங்களுக்கு எப்படிக் கொடுத்தீங்க?"

"அவங்ககிட்டயும் இருந்துச்சு... திரையில."

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மா, நான் ரெண்டு மாசமா இத என் பெட்டியில பூட்டி வச்சிருந்தேன். நீங்க சொல்றத எதுல பூட்டுவீங்க?" என்று கேட்டார்.

மரத்தை விற்றவன் ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறான். திரைப் பத்திரத்தை இங்கே, தாள் பத்திரத்தை அங்கே. அவனுடைய போன் இப்போது அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. மரமோ அறுத்து, சட்டமடித்து, பெவர்லி பக்கம் புதுவீடுகளின் தலைமேல் ஏறிவிட்டது.

மேலாளர் கார்சைட் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "போலி. கேப்டன் கையெழுத்த யாரோ வரைஞ்சிருக்காங்க. பாத்தாலே தெரியுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தம்பிதானே, லோர்னா? நீயே சொல்லு," என்றார். "தெரியலியே" என்றேன்.

பாத்தாலே தெரிந்தது, நெவில். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக்கொண்டுபோய் முதல் எழுத்தின் கீழ் முடிச்சுப் போடுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். பிறந்தநாள் வாழ்த்தில்கூட அப்படித்தான் போடுவாய்.

அது உன்னுடையதா? ஒரே வார்த்தையில் எழுது.

லோர்னா


க்லைபேடா, லிதுவேனியா
மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. முகவர் அதை வேறொரு கப்பலின் தபாலோடு சேர்த்து வைத்துவிட்டார்.

இங்கே நான்கு நாளாக ஓயாத மழை. மழையில் உரம் ஏற்ற முடியாது. எல்லோரும் சீட்டு விளையாடுகிறார்கள். சமையல்காரனின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கினோம். அதிலும் அந்தக் கீரையைத் தூவிவிடுவானோ என்று இரண்டாவது அதிகாரி கீரை நறுக்கும் கத்தியை ஒளித்து வைத்துவிட்டார்.

அந்த ஜெர்மன்காரர் விஷயமாகக் கம்பெனியிலிருந்தும் கேட்டார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் கவலைப்படாதே. திரையில் வந்தது, முறைப்படி விட்டாய். உன்மேல் என்ன தப்பு?

மாமாவை நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல். முதுகை விளையாட்டாக விடக்கூடாது.

நெவில்


ஹல்,
ஜூன் 5

நெவில்,

நீயும் உன் கப்பலும் சௌக்கியமென்று நினைக்கிறேன். டெரிக்குக்கு ஊசி போட்டார்கள், நடக்கிறார். என்னை ஆபீஸுக்கு வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை.

கார்சைட் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அக்கா இந்தக் கரையில, தம்பி அந்தக் கப்பல்ல. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசி, லோர்னா." இருபத்தாறு வருடம். என் தேநீர்க் கோப்பையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

உன் கம்பெனியின் வக்கீல் ஒரு பெண். பிரியர்லி என்று பெயர், நாற்பது வயதிருக்கும், லீட்ஸிலிருந்து வருகிறார். என்னிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் நான் கேட்டேன், "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா. எங்கிட்ட இருந்தது பத்திரமா, இல்லையா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த நாட்டுச் சட்டத்துல, கையில பிடிக்க முடியுற பொருளத்தான் ஒருத்தர் 'வச்சிருக்கார்'னு சொல்லலாம். திரையில இருக்கறத யாரும் வச்சிருக்க முடியாது. அந்தக் கணினி முறையில சேர்ந்தவங்க எல்லாரும், 'இத பத்திரமாவே மதிப்போம்'னு தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அந்த ஒப்பந்தம் இருக்கறவரைக்கும்தான் அதுக்கு உயிர். கிராமர் அதுல சேரவே இல்ல. அவர அது கட்டுப்படுத்தாது."

"அப்ப தோத்துட்டமா?"

"தாள்ல இருக்கற கையெழுத்து உண்மைன்னா, ஆமா. போலின்னா அவர் கையில இருக்கறது வெறும் காகிதம். மொத்த வழக்கும் அந்தக் கையெழுத்து மேலதான் நிக்குது. நல்லவேளை, உங்க தம்பி 'என்னுது இல்ல'ன்னு எழுத்துமூலமாக் கொடுத்துட்டார்."

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

போகும்போது, "தம்பிக்குக் கடுதாசி எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். "எழுதுங்க. எதையும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. கோர்ட்டு கேட்டாலும் கேக்கும்."

ஆகவே இதை நம் இருவரைத் தவிர மூன்றாமவர் படிக்கலாம் என்று தெரிந்தே எழுதுகிறேன். தெரிந்தே கேட்கிறேன். 'என்னுடையது இல்லை' என்று நீ கம்பெனிக்கு எழுதியதை எனக்கும் ஒரு வரியில் எழுது. அப்படியே நம்பிவிடுகிறேன்.

லோர்னா


ஹல்,
ஜூலை 10

நெவில்,

உடம்புக்கு ஏதாவதா? ஐந்து வாரமாகப் பதிலில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கம்பெனியில் கேட்டேன், "கேப்டன் நல்லாத்தான் இருக்கார், போன வாரம்கூட ஆபீஸ்ல பேசினாரே" என்றார்கள். சுகமாக இருக்கிறாய் என்று அந்நியர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நேற்று ப்ரெமனிலிருந்து கிராமர் வீட்டுக்குப் போன் செய்தார். என் எண் எப்படிக் கிடைத்ததென்று தெரியாது. பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேசினேன்.

"உங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க ஊர்ப் போலீஸ் ரெண்டு தடவ வந்துட்டாங்க. என் மேஜையில இருந்த பேனா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேனாம். நான் அந்தக் கேப்டனப் பாத்ததே இல்ல. உங்க தம்பி எப்படிப்பட்டவர், அம்மா?"

எப்படிப்பட்டவர் என்று நான் என்ன சொல்வது? "நல்லவன்தான்," என்றேன். "அப்ப ஏன் இப்படிச் சொல்றார்?" என்றார். பின்னால் ஒரு பெண்குரல் அவரிடம் ஏதோ கடுமையாகச் சொன்னது. மனைவியாக இருக்கலாம். போனை வைத்துவிட்டார்.

அப்போதிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெரிக் சொல்கிறார்: "அவன் சொல்லாம இருக்கறதே ஒரு பதில்தான், லோர்னா. உனக்குப் புரியாத மாதிரி எத்தன நாளைக்கு நடிப்ப?" அவரோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. சரியாகச் சொல்கிறவர்கள்மேல்தான் கோபம் வருகிறது.

எழுது.

லோர்னா


யெவ்லே, ஸ்வீடன்
ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜூன் முழுக்க ஓட்டம். முழங்காலில் நீர் கோத்து, இங்கே ஒரு டாக்டர் ஊசியால் இழுத்து எடுத்தார். இப்போது தேவலை. நீ சாப்பிடாமல் இருக்காதே.

நல்ல செய்தி கேள்விப்பட்டேன். லண்டனில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்களாமே! மின்பத்திரமும் தாள் பத்திரமும் இனி ஒன்றேதானாம். வைத்திருக்கலாம், கைமாற்றலாம், எல்லாம் செல்லும். முதல் அதிகாரி செய்தித்தாளில் படித்துக் காட்டினார். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அப்படியானால் உன் கையில் இருந்தது முழுப் பத்திரம்தானே? அந்தத் தாளில் என்ன இருந்தால் என்ன? கையெழுத்து விவகாரமே தேவைப்படாமல் போய்விடும் அல்லவா? பிரியர்லி அம்மாளிடம் கேட்டு உடனே எழுது. உடனே.

கிராமர் போன் செய்ததைப் படித்தேன்.

நெவில்


ஹல்,
செப்டம்பர் 22

அன்புள்ள நெவில்,

நலம்தானே? நான் வேண்டுமென்றேதான் இவ்வளவு நாள் எழுதவில்லை. நீ எழுதியதில் கிராமரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

புதுச் சட்டம் நேற்று முன்தினம் நடைமுறைக்கு வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்களாம். என் இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் எனக்குப் படம் அனுப்பினாள். கேக்மேல் ஒரு கப்பலும் ஒரு கணினியும். நான் அன்றைக்கே பிரியர்லியைப் பிடித்துக் கேட்டேன், நீ கேட்கச் சொன்னதையே.

அவர் பாவம், இரக்கத்தோடுதான் சொன்னார். "இருபதாம் தேதிலேருந்து போடற பத்திரத்துக்குத்தான் இந்தச் சட்டம், மிஸஸ் கான்ட். உங்களுது பிப்ரவரியில போட்டது. அதுக்கு இந்தச் சட்டம் கிடையாது."

"ஏழு மாசம்தானே வித்தியாசம்?"

"ஒரு நாளா இருந்தாலும் அப்படித்தான்."

பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் வழக்கு எடுக்கப்படுகிறது. இரண்டு கையெழுத்து நிபுணர்கள், ஒருவர் போலி என்கிறார், மற்றவர் அசல் என்கிறார். "இந்தக் கையெழுத்த முப்பது வருஷமாப் பாக்கறவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னா நிக்கும். போலின்னு சொன்னீங்கன்னா நாங்க ஜெயிச்சிடுவோம். உங்க வேலையும் திரும்பக் கிடைச்சிடும்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா உண்மையத்தான் சொல்லணும்," என்று மெதுவாகச் சேர்த்தார். அவருக்குத் தெரியும், நெவில். என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன். அக்டோபர் 9, திங்கட்கிழமை காலை பத்து மணி. அன்றைக்கு நான் போய், அது என் தம்பியின் கையெழுத்து என்று சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். உன்னைப் பயமுறுத்துவதற்கு அல்ல. நீ கப்பலை இழப்பாய் என்று தெரியும்.

அந்த மனிதரின் பேனாக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

லோர்னா


இம்மிங்ஹாம்,
அக்டோபர் 2

அக்கா,

உன் கடிதம் இங்கே முகவரிடம் காத்திருந்தது. படித்துவிட்டுக் கப்பலின் முன்பக்கம் போய் நின்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நீ இருக்கிறாய். சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்று யோக்கியதை இல்லை.

கையெழுத்து என்னுடையது. மூன்றும்.

நடந்ததைச் சொல்கிறேன். வென்ட்ஸ்பில்ஸில் ஏற்றி முடித்த அன்று மத்தியானம். காற்று ஏறிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்குள் துறைமுகத்தை விட்டு வெளியேறாவிட்டால் இரண்டு நாள் உள்ளேயே கிடக்கவேண்டும். விற்றவனின் ஆள் ஒருவன் மேலே வந்தான். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு.

"கேப்டன், ஒரு சின்ன வேலை. பாங்க்குல தாள் கேக்கறாங்க. திரையில போட்டத உங்க ஆபீஸ் ரத்து பண்ணிடும். இதுல மூணு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? திரையில் ஏற்கெனவே ஒரு பத்திரம் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதை நான் ஒரு பத்திரமாக மதித்ததே இல்லை. தாளைப் பார்த்ததும், அப்பாடா, இதுதான் நிஜம் என்று தோன்றியது. சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன், அக்கா. அவன் பேனாவை எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹல்லில் உன்னிடம் தாள் வந்ததா என்று கேட்டேனே, அப்போதுதான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. நீ இல்லை என்றாய். சொல்லியிருக்கலாம். அப்போது மரம் கப்பலிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பொத்தானை அழுத்தியிருக்க மாட்டாய். படியில் நின்றுகொண்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டபோது, "உங்க கையெழுத்தா?" என்று கேட்கவில்லை. "இது போலிதானே கேப்டன்?" என்றுதான் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அதைத் திருப்பி எடுப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. உனக்கு நான்கு வரி எழுதினால் மூன்றில் மழையும் கீரையும்தான் எழுத முடிந்தது. புதுச் சட்டம் வந்தபோது, யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பிரியர்லிக்குப் போன் செய்துவிட்டேன். நாளைக் காலை அவர் இங்கே வருகிறார். நானே சொல்கிறேன். ஒன்பதாம் தேதி நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்காது.

நெவில்


கூல்,
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நியாயம்தான். பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்குமென்று இப்போது எனக்கும் தெரிகிறது.

கூல் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கரையில் மாட்டும் வேலை. போன வாரம் ஒரு இளம் கேப்டன் மேலேயிருந்து, "யோவ் பெரியவரே, சீக்கிரம் மாட்டுய்யா!" என்று கத்தினான். மாட்டினேன். என் கேப்டன் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிறார்கள். திரும்பி வருமா என்று தெரியாது. ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கீழ்த்தளம், முழங்காலுக்கு நல்லது.

வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை. கம்பெனி கிராமரோடு சமாதானமாகப் போய்விட்டது. ப்ரெமன் போலீஸுக்கும் எழுதிவிட்டார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று உண்டு. சமாதானம் எழுதிய அன்று கிராமர் லீட்ஸுக்கு வந்திருந்தார். என்னைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றாராம். பிரியர்லி வேண்டாமென்றார். நான் போனேன்.

நான் என்னென்னவோ தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"ஆறு மாசம், கேப்டன். என் வீட்டுலயே என்ன ஒரு மாதிரியாப் பாத்தாங்க. முதல்ல ஊர்ல, அப்புறம் கடையில, கடைசியில என் பொண்டாட்டியே ஒரு நாள், 'நீங்க நெசமாவே போடலதானே?'ன்னு கேட்டா. நாப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவ. உங்க ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

"பயம்," என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "போலீஸ் அனுப்பினது கணினியில வந்துச்சு. என் பொண்டாட்டி அதப் படிக்க மாட்டேங்கறா. நீங்க உங்க கையால எழுதிக் கொடுங்க. நான் போடல, நீங்கதான் போட்டீங்கன்னு."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை எடுத்து, பழைய பத்திரத்தின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். கைகொடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, உன் வேலை திரும்பக் கிடைத்துவிட்டதா? அதையாவது எழுது. நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

நெவில்


ஹல்,
நவம்பர் 16

அன்புள்ள நெவில்,

இங்கே எல்லோரும் சுகம். டெரிக் முதுகை மறந்துவிட்டுத் தோட்டத்தைக் கொத்துகிறார், நாளை முனகுவார்.

போன திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். கார்சைட் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், பக்கத்து அறையிலிருந்து. எழுந்து அவர் மேஜைக்குப் போய் நின்றேன். "வாயால சொல்லுங்க, கார்சைட்," என்றேன். ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னார்.

இப்போது வாரத்துக்கு ஏழெட்டு மின்பத்திரம் வருகிறது. சட்டமே சொல்லிவிட்டது, சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கப்பலுக்கு ஒரு போன் போட்டு, "கேப்டன், இதுக்கு வேற ஏதாவது தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானைத் தொடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒன்பதாம் தேதி நான் பிரியர்லியின் ஆபீஸுக்குப் போகத்தான் போனேன். உன் கடிதம் முந்தின வாரமே வந்திருந்தது; ஆனாலும் நீ சொல்லியிருப்பாய் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. வாசலிலேயே அவர், "நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உனக்காகவா எனக்காகவா என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். இன்னும் இல்லை. மரம் கப்பலில் இருந்தபோது நீ படியில் நின்றாயே, அந்த இடத்தில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது நகர்வேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நீ கூலில் இருக்கிறாய். ரயிலில் முக்கால் மணி நேரம். பின்லாந்திலோ ஸ்வீடனிலோ இல்லை. இதற்கு எதற்குத் தபால்தலை? இனி உன்னிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மாட்டிறைச்சி வறுவல் செய்கிறேன். வந்து, எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல். கத்துவேன். தட்டைக்கூட வீசினாலும் வீசுவேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

லோர்னா